கிரண் நாகர்கர் மராத்தி எழுத்தாளரா, ஆங்கில எழுத்தாளரா? இருமொழி நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிய விளக்கம்

மராத்தி நவீன நாவலின் வரலாற்றை எழுதுகிறவர் 1974இல் வெளியான 'சாத் சக்கம் த்ரேசாளீஸ்' நாவலைத் தாண்டிச் செல்ல முடியாது. இந்திய ஆங்கில நாவலின் வரலாற்றை எழுதுகிறவர் 1997இல் வெளியான 'கக்கோல்ட்' நாவலைத் தாண்டிச் செல்ல முடியாது. சாகித்திய அகாதெமி 2000ஆம் ஆண்டுக்கான ஆங்கில மொழி விருதை அதற்கே வழங்கியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. 1942 ஏப்ரல் 2 அன்று பம்பாயில் பிறந்து, 2019 செப்டம்பர் 5 அன்று அதே நகரில் மறைந்த கிரண் நாகர்கர்.

இவரைப் பற்றித் தமிழில் தேடுகிறவர்களுக்கு முதலில் எழுகிற குழப்பம் இவர் எந்த மொழியின் எழுத்தாளர் என்பதுதான். மராத்தியைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குப் போனவர் என்று ஒரு தரப்பும், ஆங்கிலத்தில் எழுதியபின் முதிர்ச்சி பெற்றவர் என்று மறுதரப்பும் கூறுகின்றன. இரண்டு கூற்றுகளும் அவருடைய நூல்களின் கால வரிசையோடு பொருந்தவில்லை. அந்த வரிசையைச் சரியாக அடுக்கிப் பார்த்தால், எழுத்தாளரின் மொழித் தேர்வை மொழிப்பற்றைக் கொண்டோ பணத்தாசையைக் கொண்டோ மட்டும் விளக்கிவிட முடியாது என்பதும், எந்தக் கதவு எப்போது மூடப்பட்டது என்ற கேள்வியும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது என்பதும் தெரியவரும்.

இருமொழி நாவலாசிரியர் என்பவர் யார்?

இரண்டு மொழி அறிந்த எழுத்தாளர்கள் இந்தியாவில் ஏராளம். ஒரு மொழியில் கதையும் இன்னொரு மொழியில் கட்டுரையும் எழுதுகிறவர்களும் பலர். இலக்கிய வரலாற்றில் இருமொழி எழுத்தாளர் என்று சொல்லும்போது, தம் முதன்மையான படைப்புகளையே இரண்டு மொழிகளில் படைத்தவரைக் குறிக்கிறோம். இவர்களுக்குள்ளும் மூன்று வகையினர் உண்டு.

1. தம் நூலைத் தாமே மறுமொழியில் எழுதுபவர்கள். உருதுவில் 1959இல் வெளியான 'ஆக் கா தரியா' நாவலை குர்ரதுலைன் ஹைதர் பல்லாண்டுகள் கழித்து 1998இல் ஆங்கிலத்தில் தாமே மறுவடிவாக்கம் செய்தார். மலையாளத்தின் ஓ.வி. விஜயனும் 'கசாக்கின் இதிகாசம்' நாவலைத் தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

2. வாசகர் பரப்பு மாறுவதற்கேற்ப மொழியை மாற்றிக்கொள்பவர்கள். பிரேம்சந்த் உருதுவில் தொடங்கி இந்தியில் நிலைபெற்றார். அவர் உருதுவில் எழுதிய 'பஜார்-ஏ-ஹுஸ்ன்' முதலில் அச்சேறியது 'சேவாசதன்' என்ற இந்தி நாவலாகத்தான். உருது நூல் அதற்குப் பின்னர் வந்தது. 1938இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சேவாசதனம்' என்ற தமிழ்ப் படத்தின் மூலக்கதை இதுவே.

3. ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு படைப்புகளைத் தருபவர்கள். மாதவிக்குட்டி என்ற பெயரில் மலையாளத்தில் சிறுகதைகளையும் கமலா தாஸ் என்ற பெயரில் ஆங்கிலத்தில் கவிதைகளையும் எழுதியவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் கவிதை உலகங்களை உருவாக்கிய அருண் கொலாட்கரும் இவ்வகையினரே.

நாகர்கர் மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். தம் முதல் நாவலை அவர் தாமே ஆங்கிலமாக்கவில்லை. சுபா ஸ்லீ என்பவரின் மொழிபெயர்ப்பை 1980இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பிந்தைய ஆங்கில நாவல்களை மராத்திக்குக் கொண்டுவந்தவரும் வேறொருவர்: ரேகா சப்னிஸ். ஆக, ஒரே நாவலின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டு நாகர்கரின் இருமொழித்தன்மையை ஆராய வழியில்லை. நாவல்களின் வரிசையையும் அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளையும் வைத்தே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் எழுதவந்த பம்பாய்

நாகர்கரின் குடும்பம் மராத்திக் குடும்பம். சமயச் சீர்திருத்த மரபில் வந்தது. பள்ளியில் முதல் நான்கு ஆண்டுகள் மட்டுமே மராத்தி வழியில் படித்தார். அதன்பின் கல்வி முழுவதும் ஆங்கிலத்தில். புணேயின் ஃபெர்குசன் கல்லூரியிலும், பம்பாயில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நடத்திய எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியிலும் பயின்றார். மாட்டுங்கா பகுதியின் தென்னிந்தியர்கள், அவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள், 1932இல் தொடங்கிய சங்கம் அது. பின்னர் சில காலம் கல்லூரி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியில் விளம்பரத் துறை வேலையே அவருக்குச் சோறு போட்டது.

அந்தக் காலப் பம்பாயில் மொழி என்பது வெறும் பண்பாட்டு விஷயமாக இருக்கவில்லை. சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960 மே 1 அன்று மராத்தி பேசுவோருக்கான மாநிலம் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு உருவானது. 1966இல் தோன்றிய சிவசேனை, அந்நகரில் வேலைபார்த்த தென்னிந்தியர்களுக்கு எதிராகத் தன் முதல் பிரச்சாரத்தைத் தொடங்கியது. நகரத்தின் வணிகமும் அலுவலகமும் ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் நடந்தன. தெரு இந்தியில் பேசியது. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் மராத்தி ஒலித்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் எந்த மொழியில் எழுதுகிறார் என்பதை அரசியலாகப் பார்க்காமல் இருப்பது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

அதே நகரில் அதற்கு நேர்மாறான ஒரு போக்கும் இருந்தது. 1950களின் நடுவிலிருந்து மராத்தியில் சிற்றிதழ் இயக்கம் வேகம் கொண்டது. திலீப் சித்ரே, அருண் கொலாட்கர், அசோக் ஷஹானே போன்றோர் மராத்தியையும் ஆங்கிலத்தையும் பகைமொழிகளாகக் கருதவில்லை. சித்ரே மராத்திப் பக்திக் கவிஞர் துக்காராமை ஆங்கிலத்தில் தந்தார். கொலாட்கர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஜெஜூரி' 1976இல் வெளிவந்து மறு ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசைப் பெற்றது. கொலாட்கரும் விளம்பரத் துறையில் இருந்தவர்தான். விளம்பர நிறுவனங்களில் ஒரே வாசகத்தை ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இந்தியிலும் யோசிப்பது அன்றாட வேலை. இந்த வட்டத்தில் உருவான நாகர்கருக்கு இரண்டு மொழிகளில் எழுதுவது வியப்பான செயலாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் நாவல்: 'சாத் சக்கம் த்ரேசாளீஸ்'

ஏழாறு நாற்பத்து மூன்று என்பது தலைப்பின் பொருள். கணக்கு தப்பானது, வாழ்க்கையின் கூட்டல் பெருக்கல் சரியாக வராத ஒருவனின் கதைக்கு அது பொருத்தமான பெயர். குஷாங்க் புரந்தரே என்ற இளைஞன் தன் நினைவுகளைத் துண்டு துண்டாகச் சொல்கிறான். காலம் முன்னும் பின்னும் நகர்கிறது. காதல், வேலையின்மை, உடல் வலி, பக்கத்து வீட்டில் நிகழும் கொடுமை, நண்பர்களின் தோல்வி எல்லாம் எவ்விதக் காரணகாரிய இணைப்பும் தரப்படாமல் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. கதை எங்கே தொடங்கியது என்று தேடுகிற வாசகருக்கு அந்நாவல் உதவி செய்வதில்லை.

இதை வெளியிட்டது மராத்தியின் மதிப்புமிக்க இலக்கியப் பதிப்பகமான மௌஜ். அந்நாவலின் மொழி அன்றைய மராத்தி உரைநடைக்குப் புதிது. படித்த பம்பாய்க்காரன் உண்மையில் பேசுகிற மராத்தி அது. ஆங்கிலச் சொற்களும் தொடர்களும் கூச்சமின்றி உள்ளே வருகின்றன. விமர்சகர்கள் அதைக் கவனித்தார்கள், இளம் எழுத்தாளர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விற்பனை மிக மெதுவாகவே நடந்தது.

நான்கே ஆண்டுகள் மராத்தி வழியில் படித்தவர் தம் முதல் நாவலை மராத்தியில் எழுதினார் என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் அவருக்குத் தயாராக இருந்த கருவி. மராத்தியைத்தான் அவர் தேடிச் சென்று எடுத்துக்கொண்டார். மராத்தியில் தொடங்கியது இயல்பு என்றும் ஆங்கிலத்துக்குப் போனது பிறழ்வு என்றும் வைக்கப்படும் வாதம் இந்த ஒரு செய்தியிலேயே தளர்ந்துவிடுகிறது.

பதினேழு ஆண்டுகள் மேடை ஏறாத நாடகம்

முதல் நாவலுக்கும் இரண்டாம் நாவலுக்கும் இடையே ஏறக்குறைய 20 ஆண்டுகள். இந்த இடைவெளியை விளக்காமல் மொழிமாற்றத்தை விளக்க முடியாது. விளக்கத்தின் மையத்தில் இருப்பது 1970களின் பிற்பகுதியில் அவர் மராத்தியில் எழுதிய 'பெட்டைம் ஸ்டோரி' என்ற நாடகம். பெயர்தான் ஆங்கிலம்.

மகாபாரதத்தின் நன்கறிந்த நிகழ்ச்சிகளை எடுத்து, அவற்றைக் கேட்டுப் பழகிய மனிதர்களின் பொறுப்பைக் கேள்வி கேட்கிறது அந்நாடகம். அநீதி நடக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதில் பங்காளிகளே என்பது அதன் வாதம். மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கும் பார்வையாளரையும் அது விட்டுவைப்பதில்லை. நெருக்கடிநிலையின் நினைவு ஆறாத காலம் அது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்வது அவசியம். மகாராஷ்டிரத்தில் நாவலுக்கு முன்தணிக்கை கிடையாது; நாடகத்துக்கு உண்டு. எழுதப்பட்ட நாடகப் பிரதியை அரசின் மேடை நிகழ்த்துகை ஆய்வு வாரியத்திடம் கொடுத்துச் சான்று பெற்ற பிறகே மேடையேற்ற முடியும். அந்த வாரியம் 'பெட்டைம் ஸ்டோரி'யில் 78 வெட்டுகளைக் கோரியது. அது போதாதென்று, இந்து அடிப்படைவாத அமைப்புகளின் எதிர்ப்பும் மிரட்டலும் சேர்ந்துகொண்டன. சட்டப்படியான தடை ஒருபுறம், சட்டத்துக்கு வெளியே நின்ற அச்சுறுத்தல் மறுபுறம். நாடகம் சுமார் 17 ஆண்டுகள் மேடை காணவில்லை. அது நூலாக ஆங்கிலத்தில் வந்தது 2015இல்தான்.

நாடக ஆசிரியருக்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. அச்சேறாத நாவல் கையெழுத்துப் பிரதியாகவேனும் முழுமையாக இருக்கும். மேடையேறாத நாடகம் பாதியிலேயே நின்றுபோன படைப்பு. நடிகரின் குரலும் பார்வையாளரின் எதிர்வினையும் கிடைத்தால்தான் அது நிறைவடையும். 30 வயதுகளின் நடுப்பகுதியில், தம் மொழியின் முக்கிய நாவலாசிரியராக அறியப்பட்ட பிறகு, அதே மொழியின் பொதுவெளியால் வாய் மூடப்பட்டவர் நாகர்கர். மராத்தியைக் கைவிட்டார் என்று அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிப்பதே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலம் எப்படி வந்தது?

1990களின் நடுவில் 'ராவண் அண்ட் எட்டி' வெளியானது. முதலில் திரைக்கதையாகத் தோன்றி, பிறகு மராத்தியில் நாவலாக எழுதத் தொடங்கப்பட்டு, இறுதியில் ஆங்கிலத்தில் முடிந்த படைப்பு அது. ஒரு நாவல் நடுவழியில் மொழி மாறியதற்குப் பல காரணங்களைச் சொல்லலாம். வலுவானவை இவை:

1. மேடையில் நேர்ந்த அனுபவம். இது மேலே விளக்கப்பட்டது.

2. பதிப்புச் சூழல். சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' 1981இல் வந்தபிறகு இந்திய ஆங்கில நாவலுக்குப் புதிய கவனம் கிடைத்தது. பெங்குவின் நிறுவனத்தின் இந்தியக் கிளை 1980களின் நடுவில் உருவானது. இந்தியாவில் வாழ்ந்துகொண்டு, இந்திய வாசகருக்காக, ஆங்கிலத்தில் நாவல் எழுதி வெளியிடுவது முந்தைய தலைமுறைக்கு இருந்ததைவிட எளிதானது.

3. கதைப்பொருள். இதுவே மற்ற இரண்டையும்விட முக்கியமானது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நாவலின் களம் மஸ்காவ் பகுதியில் உள்ள சால். சால் என்பது நீண்ட வராந்தாவை ஒட்டி ஓரறைக் குடித்தனங்கள் வரிசையாக அமைந்த, தொழிலாளர்களுக்கென எழுந்த பல மாடிக் குடியிருப்பு. நான்காம் மாடியில் ராம் பவார் என்ற இந்துக் குழந்தை. அவனுக்கு ராவண் என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. ஐந்தாம் மாடியில் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கரான குட்டின்யோ குடும்பம். கைக்குழந்தையான ராவண் மாடியிலிருந்து துள்ளிக் கீழே விழுகிறான். கீழே நின்ற விக்டர் குட்டின்யோ அவன் விழுந்த அதிர்ச்சியில் இறக்கிறார். அவர் இறந்தபின் பிறக்கும் மகன் எட்டி. ஒரே கட்டடத்தில் ஒருவர்மேல் ஒருவராக வாழ்கிற இந்த இரண்டு சிறுவர்களும் நாவல் முழுவதிலும் அரிதாகவே ஒருவரையொருவர் நேராகச் சந்திக்கிறார்கள்.

அவர்களைப் பிரிக்கிற சுவர் மதம் மட்டுமன்று. கீழ்மாடி இந்துக்களின் பிள்ளைகள் மராத்தி வழிப் பள்ளிக்குப் போகிறார்கள். மேல்மாடிக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் திருச்சபைப் பள்ளியின் ஆங்கிலம் கிடைக்கிறது. இரு தரப்பும் ஏழைகளே. இருந்தும் ஆங்கிலம் தெரிந்தவனுக்குத் திறக்கிற கதவுகள் மற்றவனுக்குத் திறப்பதில்லை. உலகத்தை ஆங்கிலம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து நாவலின் கதைசொல்லி நிகழ்த்தும் நீண்ட விவாதம், அந்நூலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆங்கிலத்திலேயே, மராத்தியின் உள்ளிருந்து வந்தவர் தோலுரித்துக் காட்டுகிறார்.

இந்தக் கதையை மராத்தியில் மட்டும் எழுதியிருந்தால் ஐந்தாம் மாடி வெளியிலிருந்து பார்க்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் மட்டுமே வளர்ந்த ஒருவர் எழுதியிருந்தால் நான்காம் மாடி அந்த நிலைக்கு ஆளாகியிருக்கும். இரண்டு மாடிகளுக்கும் படியேறி இறங்கத் தெரிந்தவரால்தான் இதை எழுத முடிந்தது. ஆங்கிலம் இரண்டுக்கும் பொதுவான இடமாக இல்லை. இரண்டையும் பிரிக்கிற பொருளாகவே நாவலுக்குள் இருக்கிறது. அந்தப் பிரிவினையின் கருவியைக் கொண்டே நாவலைக் கட்டியது நாகர்கரின் துணிவு.

கதை நகர்ந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, சாலில் குழாய்த் தண்ணீருக்காக நடக்கும் சண்டைகளைப் பற்றியோ போர்ச்சுகீசியர் இந்தியாவுக்கு வந்ததைப் பற்றியோ, தனிக் கட்டுரைபோல எழுதிச் செல்கிறார். முதல் நாவலின் துண்டு துண்டான அமைப்பு இங்கே வேறு உருவில், சிரிப்போடு திரும்பி வருகிறது. மராத்தி நாவலைப் படிக்காத ஆங்கில விமர்சகருக்கு இது கட்டுக்கோப்பின்மையாகத் தோன்றலாம். படித்தவருக்கு இது அதே கை.

'கக்கோல்ட்': யாருடைய மொழியும் அல்லாத ஒரு மொழி

பதினாறாம் நூற்றாண்டு மேவார் அரசு. ராணா சாங்காவின் மூத்த மகன், பட்டத்து இளவரசன், கதையின் நாயகன். அவன் மனைவி, கண்ணனையே கணவனாக வரித்துக்கொண்ட மீராபாய். கக்கோல்ட் என்ற ஆங்கிலச் சொல் மனைவி வேறொருவனை நாடிய கணவனைக் குறிக்கும். மனைவியின் காதலன் ஒரு கடவுள் என்றால் கணவன் யாரோடு போட்டியிடுவான்? மீராவின் பக்தியைப் பாடிய மரபு பெரியது. அவள் கணவனைப் பற்றி அந்த மரபு கிட்டத்தட்ட எதுவும் சொன்னதில்லை. நாகர்கர் அந்த வெற்றிடத்தில் அறுநூறு பக்கங்களுக்கு ஒரு மனிதனை உருவாக்கினார். மனைவியை நெருங்குவதற்காக அந்த இளவரசன் உடலில் நீலம் பூசிக்கொண்டு கண்ணனாக வேடமிடும் பகுதி, அவமானமும் காமமும் பக்தியும் ஒன்றையொன்று பிரிக்கவொண்ணாமல் கலந்து நிற்கும் இடம்.

அவன் வெறும் ஏமாற்றமடைந்த கணவனாகவும் இல்லை. மேவாரின் தலைநகரான சித்தூரின் தண்ணீர், கழிவுநீர் ஏற்பாடுகளைப் பற்றிக் கவலைப்படுகிறான். போரில் பின்வாங்குதலை ஒரு கலையாக ஆராய்கிறான்; வீரமரணத்தைப் போற்றும் ராஜபுத்திர மரபில் இது கோழைத்தனமாகப் பார்க்கப்படுகிறது. வடக்கே பாபர் என்ற புதியவர் வந்திருப்பதன் பொருளை மற்றவர்களுக்கு முன்பே உணர்கிறான். 1526இல் பானிபட், 1527இல் கான்வா. ராணா சாங்காவின் கூட்டணி கான்வாவில் தோற்றது. வரலாறு தெரிந்த வாசகர் முடிவை அறிந்தே படிக்கிறார். அதனாலேயே இளவரசனின் முன்யோசனைகள் ஒவ்வொன்றும் வலியைக் கூட்டுகின்றன.

இந்நாவல் ஏன் மராத்தியில் எழுதப்படவில்லை என்று கேட்டால், முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேவார் இளவரசன் மராத்தி பேசியவன் அல்லன். மராத்தியில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இரண்டும் அவனுக்கு அயல்மொழிகளே. இரண்டாவதாக, மராத்தியில் வரலாற்று, புராண நாவல்களுக்கு மிக வலுவான மரபு இருந்தது. ஹரி நாராயண் ஆப்டே தொடங்கி, 1962இல் 'ஸ்வாமி' எழுதிய ரஞ்சித் தேசாய், 1967இல் 'மிருத்யுஞ்ஜய்' எழுதிய சிவாஜி சாவந்த் வரை, வீரத்தையும் தியாகத்தையும் உயர்ந்த, அணி நிறைந்த நடையில் சொல்கிற மரபு. மராத்தியில் ஓர் அரசகுமாரனைப் பேசவைத்தால் அந்த நடையின் எதிரொலி தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பின்வாங்குதலையும் சாக்கடையையும் பற்றிச் சிந்திக்கிற அரசகுமாரனுக்கு அந்தக் குரல் பொருந்தாது. ஆங்கிலத்தில் இந்திய அரசர்களுக்கென்று அப்படி உறைந்துபோன குரல் எதுவும் இல்லை. ஆகவே நாகர்கரால் அவனை இன்றைய, நேரடியான, பழமைச் சாயமற்ற மொழியில் பேசவைக்க முடிந்தது. இது என் வாசிப்பு. ஆனால் நாவலின் நடையே இதற்குப் போதிய சான்று என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பும் விருதும் இயங்கும் முறை

நாகர்கரின் ஆங்கில நாவல்கள் மராத்தி இலக்கிய வட்டத்தில் துரோகமாகப் பார்க்கப்பட்டதை அவரே பலமுறை வேதனையோடு கூறியிருக்கிறார். அந்த எதிர்ப்பைத் தனிமனிதப் பகையாகச் சுருக்குவது தவறாகும். அதன் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. 'கோசலா' நாவலை 1963இல் எழுதிய பாலசந்திர நேமாடே, 1980களில் தேசிவாதம் என்ற கருத்தை முன்வைத்தார். இலக்கியம் தன் மண்ணின் மொழியிலும் மரபிலும் வேர்கொள்ள வேண்டும், ஆங்கிலத்தில் எழுதப்படும் இந்திய இலக்கியம் அந்த வேரற்றது என்பது அதன் சாரம். பின்னாளில் ஞானபீட விருதும் பெற்ற நேமாடேயின் இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கில நாவலுக்குக் கிடைக்கிற முன்பணமும் உலகக் கவனமும் இந்திய மொழி நாவலுக்குக் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு அநீதியானது. ஆனால் அந்த அநீதிக்கான தண்டனையை, மராத்தி நாவலின் எல்லையையே விரித்த ஒருவர்மீது சுமத்தியது பொருத்தமற்றது.

மறுபுறம் ஆங்கில இலக்கிய உலகம் நாகர்கரைத் தழுவிக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பரிசுகளின் வழியே நாவல்களை அளந்த அந்தச் சூழலில், மும்பையிலேயே வாழ்ந்து, இந்திய வரலாற்றை விளக்கக் குறிப்புகள் இன்றி எழுதிய இவருக்குத் தாமதமாகவும் குறைவாகவுமே கவனம் கிடைத்தது.

விருது அமைப்பும் இக்குழப்பத்தை வளர்க்கிறது. சாகித்திய அகாதெமி 24 மொழிகளை அங்கீகரிக்கிறது. ஆங்கிலமும் அவற்றுள் ஒன்று, 1960இல் ஆர்.கே. நாராயண் பெற்றதே ஆங்கிலத்துக்கான முதல் விருது. விருது ஒரு நூலுக்கு, ஒரு மொழியின் கீழ் வழங்கப்படுகிறது. இதன் விளைவுகளைப் பார்க்கலாம். உலகம் 'ஜெஜூரி'யால் அறிந்த கொலாட்கருக்கு அகாதெமி விருது, அவர் மறைந்த பிறகு, மராத்தித் தொகுப்பான 'பிஜ்கி வஹி'க்கு வந்தது. சித்ரே 1994இல் மராத்திக் கவிதைக்கு அகாதெமி விருதும் துக்காராம் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு விருதும் பெற்றார். அவருடைய இரண்டு மொழிகளும் இரண்டு வகைகளில் பதிவாயின. நாகர்கர் ஆங்கிலப் பட்டியலில் மட்டும் இடம்பெற்றார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 'சாத் சக்கம் த்ரேசாளீஸ்' என்ற ஒரு நாவல் இருந்ததே தெரியாது.

ஜெர்மனியும் கடைசி ஆண்டுகளும்

2006இல் வெளியான 'காட்ஸ் லிட்டில் சோல்ஜர்', பம்பாயின் தாராளப் போக்குள்ள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஜியா, ஒரு மதவெறியிலிருந்து இன்னொரு மதவெறிக்குத் தாவிக்கொண்டே போவதைச் சொல்கிறது. மதம் மாறுகிறது, தீவிரம் மாறுவதில்லை. பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சியில் இந்தியா சிறப்பு விருந்தினராக இருந்த ஆண்டு அது. ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் வழியாக நாகர்கருக்கு அந்நாட்டில் பெரும் வாசகர் கூட்டம் உருவானது. 2012இல் ஜெர்மன் கூட்டாட்சிக் குடியரசு அவருக்குத் தன் உயரிய சிவில் விருதை வழங்கியது. மராத்தியா ஆங்கிலமா என்ற வழக்குக்குத் தொடர்பே இல்லாத மூன்றாம் மொழியில் அவர் நாவலாசிரியராக மட்டும் படிக்கப்பட்டார்.

ராவண், எட்டி கதை 2012இல் 'தி எக்ஸ்ட்ராஸ்', 2015இல் 'ரெஸ்ட் இன் பீஸ்' என்ற நாவல்களாகத் தொடர்ந்து முத்தொகுதியானது. 2017இல் 'ஜசோதா' வந்தது. 2018இல் மீடூ இயக்கத்தின்போது மூன்று பெண் பத்திரிகையாளர்கள், நேர்காணலுக்குச் சென்றபோது அவர் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் அதை மறுத்தார். அவருடைய பொதுவாழ்வின் வரலாற்றில் இதுவும் இடம்பெற வேண்டிய செய்தி.

மராத்தியை விட்டுவிட்டாரா?

கால வரிசைக்குத் திரும்பினால் இக்கேள்விக்கு நேரடியாக விடை சொல்லலாம். 'ராவண் அண்ட் எட்டி' வெளியான அதே காலத்தில் அவர் மராத்தியில் இன்னொரு நாடகம் எழுதினார்: 'கபிராசே காய் கராயசே'. கபீரை என்ன செய்வது என்று பொருள். 1992, 1993 ஆண்டுகளின் கலவரங்கள் மும்பையைப் பிளந்துபோட்ட வேளை. இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தமக்குரியவர் என்று உரிமை கொண்டாடும் நெசவாளிக் கவிஞரை அந்த நகரத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துவதற்கு, அந்த நகரத்தின் தெருவும் மேடையும் பேசுகிற மொழியையே அவர் தேர்ந்தெடுத்தார்.

அதோடு கபீர் அவரை விடவில்லை. 'காட்ஸ் லிட்டில் சோல்ஜர்' நாவலில் ஜியாவின் அண்ணன் அமானத் ஓர் எழுத்தாளன். அவன் எழுதுவது கபீரைப் பற்றி. தம்பியின் வெறிக்கு எதிராக அந்த நாவலுக்குள் வைக்கப்பட்டிருக்கும் ஒரே வலுவான மறுமொழி அண்ணனின் அந்த எழுத்துதான். நாகர்கர் மறைந்த 2019ஆம் ஆண்டிலேயே, மறைவுக்குப் பின் வெளியான கடைசி நாவல் 'தி ஆர்சனிஸ்ட்'. அதன் நாயகனும் கபீர்.

மராத்தி நாடகமாக ஒருமுறை, ஆங்கில நாவலுக்குள் ஒரு கதாபாத்திரத்தின் எழுத்தாக மறுமுறை, தனி நாவலாக மூன்றாம் முறை என்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் ஒரே கேள்வியோடு போராடியிருக்கிறார். ஆங்கில நூல்களை மட்டும் படித்த ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி 2006இல் தொடங்குகிறது. மராத்தி நூல்களை மட்டும் படித்தவருக்கு அது 1990களின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. நாகர்கரைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள், இரண்டு மொழிகளிலும் நேரடியாகப் படிக்க இயலாவிட்டாலும், சுபா ஸ்லீயின் மொழிபெயர்ப்பில் முதல் நாவலையும், 2015இல் அச்சான 'பெட்டைம் ஸ்டோரி' ஆங்கில வடிவத்தையும் படித்த பிறகே 'கக்கோல்ட்' பக்கம் வருவது நல்லது.